ஊமைக் கிளைகள் பேசின!

"உங்கள் விஞ்ஞானம் நேற்று ஒன்று சொல்லிற்று, இன்று அதை மறுத்து வேறொன்று சொல்கிறது, நாளைக்கு என்ன சொல்லுமோ, யார் கண்டார்! எங்கள் சாத்திரமோ அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறது. நிலையானதை விட்டுவிட்டு நிலையில்லாததைப் பிடித்துக்கொண்டு திரிகிறீர்களே, தம்பிகளே!"

இப்படி நம்மைப் பார்த்துப் பரிவோடு பேசுவோர் உண்டு. பரிகாசமாகப் பேசுவோரும் உண்டு. பட்டிமன்ற மேடையிலே கேட்டிருக்கிறோம். தேநீர்க் கடை விசுப்பலகையிலே கேட்டிருக்கிறோம். திருமண வீட்டுத் திண்ணையிலே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டதும் நம்மிற் பலர் என்ன செய்கிறோம்? "விஞ்ஞானம் தவறாது" என்று ஆவேசத்தோடு மறுக்கிறோம். அந்த மறுப்பு மறுமொழியாகாது. விஞ்ஞானம் தவறியிருக்கிறது, பலமுறை தவறியிருக்கிறது, பேரறிஞர்களே தவறியிருக்கிறார்கள். அதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. தவறியபின் என்ன நடந்தது என்பதை எடுத்துக் கூறுவதே தக்க விடை.

அத்தகைய தவறு ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம். தொலைவிலுள்ள விண்மீனைப் பற்றிய தவறன்று அது. எண்ணிப் பார்க்கிற நம் மூளையைப் பற்றிய தவறு.

இத்தாலி நாட்டிலே, மிலான் நகருக்கு அருகே, அபியதெகிராசோ என்றோர் ஊர். தீராப் பிணியாளருக்கென அங்கே ஒரு மருத்துவமனை. அதன் மருத்துவர் கமில்லோ கோல்ஜி. ஆய்வுக்கூடம் கிடையாது அவருக்கு. சமையலறை ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டினை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டார், பின் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்தார், வியந்தார். மஞ்சள் நிறப் பின்புலத்தில், நூற்றில் ஒருசில அணுக்கள் மட்டும், அடிமுதல் நுனிவரை கருகருவென்று எழுந்து நின்றன! எல்லா அணுக்களும் கறுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. இருண்ட காட்டிலே தனி மரத்தை எப்படிக் காண்பது? ஒருசில மட்டுமே கறுத்ததால்தான் ஒவ்வொன்றின் வடிவமும் விளங்கிற்று. இது 1873ஆம் ஆண்டுச் செய்தி.

என்ன வடிவம்? நடுவிலே அணுவுடல். அதிலிருந்து ஒரு நெடிய நார். அதற்கு ஆக்ஸான் என்று பெயர். அணுவுடலைச் சுற்றியும் மேலேயும், கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பரந்து நிற்கும் பல நார்கள். மரம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக்கொண்டு அவற்றுக்கு டெண்ட்ரைட் என்று 1889இல் பெயரிட்டவர் வில்ஹெல்ம் ஹிஸ். நாம் அவற்றைக் கிளைகள் என்றே அழைப்போம்.

இந்தக் கிளைகளுக்கு என்ன வேலை? கோல்ஜி சொன்னார்: உணவு கொண்டுவருவது! இரத்தக் குழாய்களை நாடிச் சென்று ஊட்டம் பெற்று அணுவுக்கு அளிப்பது கிளையின் தொழில். செய்திப் போக்குவரத்தில் அதற்குப் பங்கில்லை. நெடுநார்கள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே வலையாகி, அந்த வலையிலேதான் செய்தி ஓடுகிறது. இதுவே அவர் கருத்து. பேசும் உரிமை நெடுநாருக்கு. சோறு சுமக்கும் வேலை கிளைக்கு!

கோல்ஜியின் கருவியைக்கொண்டே கோல்ஜியின் கருத்தைத் தகர்த்தார் ஒருவர். ஸ்பெயின் நாட்டவர்; சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்பது பெயர். 1887இல் மாத்ரித் நகரில் அந்தக் கறுப்புச் சாயமேறிய அணுக்களை முதன்முதலாகக் கண்டார். 1888இல் பார்சிலோனாவில் இருந்தபடி, பறவையின் சிறுமூளையை ஆய்ந்து, தாமே தொடங்கிய இதழில் வெளியிட்டார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்றார். ஒன்றையொன்று தொடுமளவு நெருங்குகிறதேயன்றி ஒன்றாகிவிடுவதில்லை என்றார். கிளைகளின் மேல் முட்கள் போன்ற சிறு புடைப்புகள் இருக்கக் கண்டார். சாயத்தின் படிவு அது என்றனர் சிலர்; மெய்யான உறுப்பே என்று உறுதியாக நின்றார் கஹால்.

ஸ்பானிய மொழி இதழை ஐரோப்பிய அறிஞர்கள் படிக்கவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. 1889இல் பெர்லினில் உடற்கூற்று அறிஞர்கள் கூடிய மாநாட்டுக்குத் தம் சீவல்களைச் சுமந்துகொண்டு போனார். "என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்பதுதான் அவருடைய வாதம். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் பார்த்தார்; கண்டதை ஏற்றார். கஹால் தம் நாட்டு மக்களின் மதிப்பைப் பெறுமுன் அயல்நாட்டு அறிஞரின் மதிப்பைப் பெற்றார்.

1891இல் அவர் ஒரு விதியை வகுத்தார். செய்தி கிளைகளின் வழியே உள்ளே வருகிறது, அணுவுடலை அடைகிறது, நெடுநாரின் வழியே வெளியே போகிறது. கிளை கேட்கும், நெடுநார் பேசும். ஒருவழிப் பாதை. இன்றும் பள்ளிக்கூடக் கரும்பலகையில் நாம் நரம்பணுவை வரைந்து அம்புக்குறி இடுகிறோமே, அந்த அம்பு அந்நாளில் எய்யப்பட்டது!

1906இல் நோபல் பரிசு கோல்ஜி, கஹால் இருவருக்கும் ஒன்றாகவே அளிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் மேடையிலே கோல்ஜி தம் உரை முழுவதையும், பக்கத்திலிருந்த கஹால் கண்ட உண்மையை மறுப்பதற்கே பயன்படுத்தினார். பரிசு பெற்றவராயிற்றே என்று அவர் கருத்து நிலைத்ததா? இல்லை. அவர் கண்டுபிடித்த சாயம் நிலைத்தது. அவர் கொண்ட கருத்து வீழ்ந்தது. மனிதரின் பெருமை வேறு, மனிதர் கூற்றின் உண்மை வேறு என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எதற்கு?

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. வென்ற கஹாலின் கருத்தே நாளடைவில் வேறொரு தவற்றுக்கு இடங்கொடுத்தது. அவர் சொன்னது திசை. பின்வந்தோர் அதனோடு ஊமைத்தனத்தையும் சேர்த்துக்கொண்டனர். கிளைகள் செய்தியை வாங்கி அப்படியே கசியவிடும் வெறுங்குழாய்கள். தாமாக எதையும் செய்யமாட்டா என்று எண்ணத் தலைப்பட்டனர்.

இவ்வாறு எண்ணியதற்குக் காரணம் இருந்தது. 1939இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள், கணவாய் மீனின் பெருநாருக்குள் மின்முனையைச் செலுத்தி நரம்பின் மின்துடிப்பை உள்ளிருந்தே அளந்தனர். 1952இல் அதன் இயக்கத்தைக் கணக்காகவே எழுதிக் காட்டினர். நாரின் தோலிலே சின்னஞ்சிறு வாயில்கள்; மின்னழுத்தம் ஓரளவு உயர்ந்ததும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன; மின்னேற்றமுடைய சோடியம் உள்ளே பாய்கிறது; அழுத்தம் மேலும் உயர்கிறது; அடுத்த இடத்து வாயில் திறக்கிறது. பட்டாசுத் திரியிலே தீ ஓடுவதைப்போல, ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பிறந்து, குன்றாமல் ஓடுகிறது துடிப்பு. நெடுநாரின் பேச்சு இது. மகத்தான கண்டுபிடிப்பு, ஐயமில்லை.

கிளைகளோ மிக மெல்லியவை. அவற்றுக்குள் மின்முனை செலுத்த அந்நாளில் வழியில்லை. செலுத்த முடிந்தது அணுவுடலில் மட்டுமே. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஜான் எக்கில்ஸும் தோழர்களும் 1951இல் பூனையின் தண்டுவட நரம்பணுவின் உடலுக்குள் மின்முனை செலுத்தி அளந்தனர். கிளைகளின் கோடியில் விழும் செய்தி அணுவுடலுக்கு வந்து சேர்வது அரிது என்பது எக்கில்ஸின் முடிவு. வாய்க்காலில் விட்ட நீரை வழியெல்லாம் மண் குடித்துவிட, கடைமடைக்கு ஈரம்கூட எட்டாதது போல, நுனிக்கிளையின் செய்தி வழியிலேயே கசிந்து தேய்ந்துவிடும் என்ற கருத்து பரவிற்று. அளக்க முடிந்த இடத்தில் மட்டும் அளந்து, அளக்க முடியாத இடத்தை 'அங்கே ஒன்றுமில்லை' என்று தள்ளினர். தவறு பிறந்த இடம் இதுதான்.

எதிர்க்குரல் எழாமலில்லை. சீனத்தில் பிறந்து அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த சாங் சியாங்-துங், மூளைப் புறணியின் மேற்பரப்பை மின்னால் தூண்டி, அங்கே எழும் அலை கிளைகளின் அலையே என்று 1951இல் எழுதினார். கிளைகளுக்கும் தமக்கென மின்வாழ்வு உண்டு என்பதற்கு அது முற்குறிப்பு. 1956இல் அவர் தாய்நாடு திரும்பிவிட்டார்.

அடுத்து வந்தார் வில்பிரட் ரால். பௌதிகம் பயின்றவர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர், பின் உயிரியலை நாடி டுனெடினுக்குப் போய் எக்கில்ஸிடமே ஆராய்ச்சி பயின்றவர். அட்லாண்டிக் கடலடித் தந்தியில் செய்தி எவ்வாறு தேய்ந்து செல்லும் என்று 1855இல் கெல்வின் பிரபு வகுத்த கணக்கை எடுத்து, அதை நரம்பணுவின் கிளைகளுக்குப் பொருத்தினார். கணக்கு என்ன சொல்லிற்று? நரம்பணுவின் மேற்பரப்பிலே பெரும்பங்கு கிளைகளுடையதே. அதை விட்டுவிட்டு அணுவுடலை மட்டும் எண்ணியதால் ஆசிரியரின் முடிவு பிழைபட்டது! நுனிக்கிளைச் செய்தி தேய்கிறது, தாமதமாகிறது, ஆயினும் அற்றுப்போவதில்லை, பல சேர்ந்தால் அணுவை அசைக்கும் என்றது கணக்கு.

மாணவன் ஆசிரியரை மறுத்தான். நம் நாட்டுப் புராணத்திலே குரு கட்டைவிரலைக் கேட்டார். மாணவன் வெட்டிக் கொடுத்தான். அதை இன்றுவரை குருபக்தி என்று போற்றுவோர் இருக்கின்றனர். ராலிடம் யாரும் கட்டைவிரல் கேட்கவில்லை. அதற்காக மாலை சூட்டி வரவேற்றார்கள் என்றும் எண்ணவேண்டாம். அவருடைய நீண்ட கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. 1959இல், அவ்வாண்டு தொடங்கிய வேறோர் இதழில் அது வெளிவந்தது. விஞ்ஞானிகளும் மனிதர்களே, பிடிவாதம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் பிடிவாதக்காரரின் தயவை வேண்டி நிற்கவேண்டிய தேவை கணக்குக்கு இல்லை. கணக்கைச் சரிபார்க்க எவராலும் முடியும். சரிபார்த்தனர், ரால் சொன்னது சரியாயிற்று.

1964இல் ரால் இன்னொன்றும் சொன்னார். ஒரே கிளையில் பல செய்திகள், நுனியில் தொடங்கி அணுவுடலை நோக்கி வரிசையாக விழுந்தால் விளைவு மிகுதி. அதே செய்திகள் எதிர் வரிசையில் விழுந்தால் விளைவு குறைவு. வெறும் கிளையே முன்பின் வரிசையை வேறுபடுத்தி அறியும் என்பது இதன் பொருள். 1964இல் இது கணக்கு மட்டுமே. 46 ஆண்டுகள் கழித்து, 2010இல், இலண்டனில் ஹவுசரின் குழுவினர் எலியின் மூளைச் சீவலில், கிளையின் முட்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, கணக்கைக் கண்முன்னே காட்டினர்.

இன்னும் ஒரு கேள்வி நின்றது. கிளை செய்தியைத் தேய்த்துக் கடத்துகிறது, சரி. நெடுநாரைப்போலத் தானே துடிக்குமா? 1961இல் ஸ்பென்சர், காண்டெல் இருவரும் பூனையின் ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதியில் சிறிய விரைவுத் துடிப்புகளைக் கண்டு, அவை கிளைகளிலிருந்து வரக்கூடும் என்றனர். 1968இல் கொலம்பியா நாட்டில் பிறந்த ரொடால்போ லினாஸ், முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டரின் சிறுமூளைக் கிளைகளில் துடிப்பு எழுவதைக் காட்டினார். 1980இல் லினாஸும் சுகிமோரியும் கினிப்பன்றியின் சிறுமூளைச் சீவலில் கிளைக்குள்ளேயே மின்முனை செலுத்தினர். அணுவுடலில் சோடியத் துடிப்பு. கிளையிலோ கால்சியத் துடிப்பு! கடைமடைக்குப் போகும் வழியிலே ஆங்காங்கு ஏற்றம் வைத்து நீர் இறைப்போர் இருந்திருக்கின்றனர், நாம்தாம் காணவில்லை.

1994இல் ஐயத்துக்கு இடமில்லாத சான்று வந்தது. நுண்ணிய கண்ணாடிக் குழலின் வாயை அணுவின் தோலில் இறுக ஒட்டவைத்து அளக்கும் முறையை 1976இல் நேஹரும் சாக்மனும் கண்டிருந்தனர். அதற்காக 1991இல் நோபல் பரிசும் பெற்றனர். அம்முறையைக்கொண்டு ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் கிரெக் ஸ்டுவர்ட்டும் சாக்மனும், எலி மூளைப் புறணியின் ஒரே நரம்பணுவில், அணுவுடலில் ஒன்றும் கிளையில் ஒன்றுமாக இரு குழல்களை வைத்து, ஒரே நேரத்தில் அளந்தனர். துடிப்பு நெடுநாரின் தொடக்கத்திலே பிறந்தது. நெடுநார் வழியே வெளியே ஓடிற்று. அத்துடன் நில்லாமல், கிளைகளுக்குள்ளும் திரும்பி ஏறிற்று! கிளையிலுள்ள சோடியம் வாயில்கள் அதைத் தாங்கி அனுப்பின. கரும்பலகை அம்புக்கு எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு என்பது உறுதியாயிற்று.

எதற்கு இந்தத் திரும்பும் துடிப்பு? 1997இல் மார்க்ரமும் தோழர்களும் ஒரு விடை தந்தனர். இரு நரம்பணுக்களின் சந்திப்பிலே செய்தி முதலில் வந்து, ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள் திரும்பும் துடிப்பும் வந்தால், அந்தச் சந்திப்பு வலுப்படுகிறது. வரிசை மாறினால் வலுக் குன்றுகிறது. "நீ சொன்னாய், அதன்பின் நான் பேசினேன்" என்று அணு தன் கிளைக்குத் தெரிவிப்பதைப்போல! கற்றல் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அடிப்படையான மாறுதல்களில் இதுவும் ஒன்று. 1999இல் லார்க்கம், சூ, சாக்மன் மூவரும், நுனிக்கிளைக்கு வரும் செய்தியும் திரும்பும் துடிப்பும் சற்றேறக்குறைய ஒரே கணத்தில் கூடினால், பெரியதொரு கால்சியத் துடிப்பு எழுந்து, அணு ஒன்றுக்குப் பலவாக முழங்குகிறது என்று காட்டினர். எங்கோ நெடுந்தொலைவிலிருந்து வந்த செய்தியையும் அருகே வந்த செய்தியையும் இணைத்துப் பார்க்கும் ஆற்றல் தனியோர் அணுவுக்கே உண்டு என்றாயிற்று.

எலியிடம் கண்டது மனிதரிடம் உண்டா? 2020இல் பெர்லினில் கிடோன், லார்க்கம் முதலியோர் இதற்கு விடை தேடினர். வலிப்பு நோய்க்கும் மூளைக் கட்டிக்கும் அறுவை செய்தபோது அகற்றப்பட்ட மனித மூளைத் திசுவில் கிளைகளை அளந்தனர். புதுவகைக் கால்சியத் துடிப்பு ஒன்றைக் கண்டனர். தூண்டுதல் அளவோடு இருந்தால் அது உரக்க எழுகிறது; தூண்டுதல் மிகுந்தால் அடங்குகிறது. 'இரண்டில் ஒன்று வந்தால் பேசு. இரண்டும் சேர்ந்து வந்தால் பேசாதே' என்ற வகைக் கணக்கை இத்தகைய ஒரு கிளையே செய்யக்கூடும் என்று கணிப்பொறி மாதிரியின் வழியே காட்டினர். வரும் செய்திகளைக் கூட்டி, எல்லை தாண்டினால் பேசுவது மட்டுமே நரம்பணுவின் வேலை என்று 1943இல் மக்குல்லக்கும் பிட்சும் அமைத்த எளிய மாதிரியால் தனியாகச் செய்ய முடியாத கணக்கு அது. அம்மாதிரியின் வழிவந்தவையே இன்றைய செயற்கை அறிவுப் பொறிகள். ஒரே ஒரு புறணி அணுவின் நடத்தையை அப்பொறியால் பின்பற்ற 5 முதல் 8 அடுக்குகள் வேண்டியிருக்கின்றன என்று 2021இல் எருசலேம் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள்!

வலிப்பு நோயாளியின் திசு என்றோம். நம் தெருக்களில் வலிப்பு வந்து விழுந்தவரைக் கண்டால் என்ன நடக்கிறது? கையிலே இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள்; பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கிறார்கள்; மணமாகாத பெண்ணாக இருந்தால் வீட்டுக்குள்ளே மறைக்கிறார்கள். வலிப்பு என்பது நரம்பணுக்கள் கட்டுமீறிக் கூட்டமாகத் துடிப்பது. 1938இல் மெரிட்டும் பட்னமும் வலிப்புக்கு மருந்தாகக் காட்டிய பெனிட்டாயின் எதன்மேல் செயற்படுகிறது? நாம் மேலே சொன்ன சோடியம் வாயில்களின் மேல்! வாயிலை அறிந்தவன் மருந்து தருகிறான். அறியாதவன் சாவி தருகிறான். மாறிக்கொண்டே வந்த அறிவுதான் நோயாளியின் கைக்கு மாத்திரையாக வந்து சேர்ந்தது. மாறாத சாத்திரம் தந்தது எது? வேப்பிலை!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "சோறு சுமக்கும் பணியாள் என்று ஒதுக்கப்பட்ட கிளை, சிந்திக்கும் உறுப்பாக எழுந்து நின்றதைப் பார்த்தீர்களா! இதுவே சமத்துவத்துக்குச் சான்று" என்று மேடையிலே முழங்க நமக்கு ஆசை வரும். முழங்கக் கூடாது. முகத்தில் பிறந்தோர், தோளில் பிறந்தோர், தொடையில் பிறந்தோர், பாதத்தில் பிறந்தோர் என்று உடம்பைக் காட்டிச் சமுதாயத்தைக் கூறுபோட்டவர்கள் செய்த அதே குற்றத்தை நாம் திருப்பிச் செய்தவர்கள் ஆவோம். அணுவின் அமைப்பு சமுதாயத்துக்குச் சட்டமாகாது. மனிதர் சமம் என்பதற்கு மனிதராக இருப்பதே போதும். கிளையின் சாட்சியம் தேவையில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கோல்ஜியின் ஒரு பிழையைக் கஹால் திருத்தினார். கஹாலின் விதிக்கு எல்லை வரைந்தனர் பின்வந்தோர். ஆயினும் ஒவ்வொரு நரம்பணுவும் தனி என்ற அவர் அடிப்படை உண்மையைத் தூக்கி எறியவில்லை. எக்கில்ஸை மறுத்தார் ரால். எக்கில்ஸ் கண்ட பிற உண்மைகள் நிலைத்தன. 1963இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நேற்றுச் சொன்னது முழுவதையும் அழித்துவிட்டு இன்று புதிதாக எழுதுவதன்று விஞ்ஞானம். எந்தச் சொல்லை எந்தச் சான்றால் மாற்றினோம் என்று பெயரும் ஆண்டும் போட்டுக் கணக்கு வைத்துக்கொண்டு மாற்றுவது. அக்கணக்கை எந்த ஊரில் பிறந்தவனும் கேட்கலாம். எவர் வயிற்றில் பிறந்தவளும் சரிபார்க்கலாம்.

ஆகவே, அடுத்த முறை "உங்கள் விஞ்ஞானம் மாறிக்கொண்டே இருக்கிறதே" என்று எவரேனும் சிரித்தால், தோழர்களே, சினம் வேண்டாம். "ஆம், மாறுகிறது. 1873இல் இப்படிச் சொன்னது. 1891இல் இப்படித் திருந்தியது. 1959இல், 1994இல், 2020இல் இன்னும் திருந்தியது. உங்கள் சாத்திரம் எந்த ஆண்டில், எந்தப் பிழையை, எவர் கேட்டுத் திருத்திக்கொண்டது?" என்று அமைதியாகக் கேளுங்கள்.

தலையெழுத்து என்று சொல்லி வாய் மூடச் செய்கிற நாட்டிலே வாழ்கிறோம். மண்டை ஓட்டின்மேல் எழுத்து ஏதும் இல்லை. உள்ளே மரங்கள் இருக்கின்றன. கேட்பதும் கற்பதும் அவற்றின் கிளைகளை நொடிதோறும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. பாடம் கேட்கும் ஒவ்வொரு குழந்தையின் தலைக்குள்ளும் இந்த வேலை நடக்கிறது. அந்தக் குழந்தையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவிட்டு, "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லும் குரல் எங்கே எழுந்தாலும், அங்கே நம் குரல் எழவேண்டும்.